ரிலீவர் அக்காவும் உலகச் சக்கரவர்த்திகளும்

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் ஓடுகிற அத்தனை கம்பெனி பஸ்களையும் நிறுத்தித் தேடினாலும், உலகத்தை ஆண்ட சக்கரவர்த்திகள் எல்லோரையும் ஒரே காலையில் வேலையை விட்டுத் தூக்கிய இன்னொரு ஆள் கிடைக்கமாட்டார். எங்கள் ரிலீவர் அக்கா தூக்கினார். மணிமங்கலத்தில் பஸ் கிளம்பும்போது சக்கரவர்த்திகள் இருந்தார்கள். படப்பையைத் தாண்டும்போது ஒருவர்கூட மிச்சம் இல்லை.

ரிலீவர் என்பது வேலையின் பெயர். எங்கள் தொழிற்சாலையில், கார்களுக்குள் நரம்பு மாதிரி ஓடுகிற வயர்க் கட்டுகளைச் செய்கிறோம். ஒரு லைனில் பதினான்கு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். எதிரே பலகை நகர்ந்துகொண்டே இருக்கும், யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. ஒருத்திக்குப் பாத்ரூம் போகவேண்டும் என்றால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுப்பாள். மஞ்சள் விளக்கு எரியும். அக்கா ஓடிவந்து அவள் இடத்தில் நிற்பார். பதினான்கு இடத்து வேலையும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தனக்கென்று ஓர் இடம் இல்லாத ஒரே ஆளும் அவர்தான்.

அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மணிமங்கலத்துக்காரர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். ஆனால் மூடுவது கண் மட்டும்தான், காது முழு நேரமும் டூட்டியில் இருக்கும்.

நான் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். செய்து முடித்த வயர்க் கட்டைச் சோதித்து, சரியில்லை என்றால் சிவப்புச் சீட்டு கட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். டிப்ளமோ வரை படித்தேன். இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அக்கா எனக்கு ‘டிப்ளமோ’ என்று பெயர் வைத்துவிட்டார்.

சக்கரவர்த்திகளைத் தூக்கிய அந்த விவாதத்தைத் தொடங்கி வைத்தவன் மாடசாமி. திருநெல்வேலிப் பக்கம், ஸ்டோர்ஸில் வேலை. சீட் காலியாக இருந்தாலும் படிக்கட்டில் நின்று போனைப் பார்த்துக்கொண்டே வருவான். ஒருநாள் காலை அவன் போனில் ஒரு கேள்வி வந்தது.

“ஏ, எல்லாரும் கேளுங்க. உலக வரலாத்துலயே ரொம்பச் செல்வாக்கான ஆளு யாருன்னு கேட்டிருக்கான். நாலு பேரு குடுத்திருக்கான். யாரச் சொல்லுதிய?”

அந்த நான்கு பெயர்களை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எங்கள் பஸ்ஸில் நடந்த சண்டை உங்கள் வீட்டுக் கூடத்தில் தொடங்கும். குதிரையில் போய்ப் பாதி உலகத்தைப் பிடித்த ஒரு ராஜா, ஒரு விஞ்ஞானி, இரண்டு தலைவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். பள்ளிக்கூடப் பழக்கம். “ராஜாதான். அவர் இல்லன்னா உலக மேப்பே வேற மாதிரி இருந்திருக்கும்.”

பின் சீட்டிலிருந்து, கண்ணைத் திறக்காமலே அக்கா கேட்டார்: “அந்தாளு செத்தப்போ நாட்ட யாரு பாத்துக்கினாங்கோ?”

“அவர் புள்ளைங்கதான்க்கா.”

“அப்போ ரிலீவர் கீதுல்ல? ரிலீவர் கீற ஆளு இன்னா பெரிய ஆளு? உக்காரு டிப்ளமோ.”

உட்கார்ந்தேன். மாடசாமி விடவில்லை. “அப்ப விஞ்ஞானி? அவரு மட்டும் கண்டுபிடிக்கலன்னா என்னக்கா ஆயிருக்கும்?”

“இன்னொரு ஊர்ல இன்னொருத்தன் அதையேதான் நோண்டிக்கினு இருந்திருப்பான். ரெண்டு வருசம் லேட்டா கண்டுபுடிச்சிருப்பான். ஏன், உன் ஸ்டோர்ஸ்ல வயரு லேட்டா வர்லியா? லைன் ஓடலியா?”

“தலைவருங்க?”

“அடுத்த எலெக்சன்ல ரிலீவரு வந்துர்றான். போ, அடுத்த ஆளச் சொல்லு.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் ரூட்டில் தூக்கம் போயிற்று. அதிகாலை ஐந்தேகாலுக்குப் பஸ் ஏறும்போதே ஒவ்வொருவரும் ஒரு பெரிய மனிதரோடு ஏறினார்கள். அக்கா அந்தப் பெரிய மனிதருக்கு ஒரு ரிலீவரைப் போட்டு இறக்கிவிடுவார். “உனுக்கு யாருதான்க்கா பெரிய ஆளு?” என்று கேட்டால், “அத நான் சொல்லமாட்டேன். நீங்க ஆளு போடுங்கோ, நான் ரிலீவர் போடறேன்” என்பார்.

ஒருநாள் மூன்றாவது வரிசையில் ஒரு பெண், “அம்மா!” என்றாள். பஸ்ஸே கைதட்டியது. இதற்கு எந்தக் கொம்பன் ரிலீவர் போடமுடியும் என்று எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்தோம். அக்கா நிதானமாகக் கொட்டாவி விட்டார்.

“எங்கம்மா எனுக்கு ரெண்டு வயசு ஆவச்சொல்லோ செத்துட்டாங்கோ. சித்திதான் வளத்தாங்கோ. ஏன், நல்லாத்தானே வளந்துகீறேன்?”

அக்கா மட்டும் சிரித்தார். “இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீறீங்கோ? சித்தி கைல அடி வாங்கி வளந்த ஒடம்பு இது. அதான் பதினாலு வேலைக்கும் தாங்குது.”

டிரைவர் அண்ணன் கட்சி மாறாத மனிதர். சக்கரம் கண்டுபிடித்தவன்தான் உலகத்திலேயே பெரிய ஆள் என்பது அவர் கொள்கை. ஒரு திங்கட்கிழமை அக்கா, “கல்லு தானா உருண்டு வந்துச்சு. அவன் ஒதுங்கி நின்னு வேடிக்கை பாத்தான். அதுக்குப் பேரு கண்டுபுடிப்பா?” என்று சொல்லிவிட்டார். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாதி உடம்பைத் திருப்பிப் பதில் சொல்லத் தொடங்கினார். ஒரகடம் கூட்டு ரோட்டில் திரும்பவேண்டிய பஸ் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கேட் வந்தது. செக்யூரிட்டி சல்யூட் அடித்துத் திறந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்ற பிறகுதான் அது வேறு ஒரு கம்பெனி என்று தெரிந்தது. அங்கே எங்களில் ஆறு பேருக்குச் சுடச்சுட டீயும் கிடைத்துவிட்டது.

எங்கள் கேட்டுக்கு வந்து சேர இருபது நிமிடம் தாமதம். தாமதமாக வந்தவர்கள் நோட்டில் காரணம் எழுதவேண்டும். எல்லோரும் ‘டிராபிக்’ என்று எழுதினோம். அக்கா ‘வரலாறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹெச்ஆர் மேடம் கூப்பிட்டுக் கேட்டபோது, “இன்னா மேடம், பொய்யா எழுதச் சொல்றீங்கோ?” என்று திருப்பிக் கேட்டார்.

மேனேஜரின் பிறந்தநாள் கதை இன்னும் மோசம். கேன்டீனில் கேக் வெட்டிவிட்டு மனிதர் உணர்ச்சிவசப்பட்டு, “நான் ஒருநாள் வரலன்னா இந்தப் பிளான்ட் என்ன ஆகும்னு நெனச்சாலே பயமா இருக்கு” என்றார். கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா ஆறுதலாகச் சொன்னார்: “பயப்படாதீங்கோ சார். போன மாசம் பதினஞ்சு நாளு பாரின் போயிட்டீங்கோ. அந்த மாசந்தான் நம்ம டார்கெட்டு முழுசா வந்துச்சு.”

அடுத்த வாரம் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கேக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த புது விதி அது. ஆடி மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, பத்தாம் வகுப்பு பாஸ் ஆகாதவர்கள் யாரும் லைனில் நிற்கக் கூடாது. அவர்கள் துப்புரவுப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். எங்கள் லைனில் அந்த விதியில் மாட்டியது ஒரே ஒருவர்.

“பெருக்கறது ஒன்னியும் கேவலம் இல்ல டிப்ளமோ,” என்றார் அக்கா. அன்றைக்கு அவர் பஸ்ஸில் தூங்கவில்லை. “ஆனா ஒம்போது வருசமா பதினாலு வேலைய கைல வெச்சிக்கினு கீறேன். அத்தயெல்லாம் கீழ வெச்சுட்டு தொடப்பத்த மட்டும் புடின்னா எப்படி?”

அப்போதுதான் தெரிந்தது, அக்கா தனித்தேர்வராகப் பத்தாவது எழுதியிருக்கிறார் என்று. கணக்கு, அறிவியல் எல்லாம் பாஸ். சமூக அறிவியலில் மட்டும் இரண்டு தடவை பெயில். முதல் தடவை இருபத்தெட்டு, அடுத்த தடவை முப்பத்தொன்று.

“எப்படிக்கா? சமூக அறிவியல் ஈஸியாச்சே?”

“யாரோட ஆட்சி பொற்காலம்னு கேட்டாங்கோ. ‘யாருக்கு?’ன்னு எழுதினேன்.”

“வெறும் அதுவா?”

“வேற இன்னா எழுதறது? கேள்வியே முழுசா இல்ல.”

நான் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது. போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். நான் படித்தவள். எங்கள் பஸ்ஸிலிருந்து ஒருவர் சமூக அறிவியலில் மூன்றாம் தடவை பெயிலாவதை நான் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டேன். விவாதத்துக்குத் தடை போட்டேன். மாடசாமி கேள்வி கேட்பான், நான் பதில் சொல்லித் தருவேன், அக்கா திருப்பிச் சொல்லவேண்டும். டிரைவர் அண்ணன் ரோட்டைப் பார்க்கவேண்டும்.

முதல் நாளே தகராறு. ஒரு பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்கள் ஐந்து என்று புத்தகத்தில் இருந்தது. அக்கா புத்தகத்தை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“நாலுதான் கீது. அஞ்சாவது, மொதக் காரணத்தயே திருப்பிப் போட்டு எழுதிக்கீறான். நீ குவாலிட்டிக்காரி ஆச்சே, இத்த எப்படி பாஸ் பண்ண?”

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். நான் பத்தாவதில் அதை மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கியிருக்கிறேன். ஒருநாளும் கண்ணில் படவில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. “புக்குல அஞ்சுன்னா அஞ்சுதான்க்கா. அஞ்சா எழுது,” என்றேன்.

“இது உனுக்கே நல்லாகீதா?”

நன்றாக இல்லைதான். ஒரு வாரம் இப்படியே இழுபறி. கடைசியில் நான் ஒரு ஒப்பந்தம் போட்டேன். “அக்கா, முப்பத்தஞ்சு மார்க் வாங்கற வரைக்கும் புக்குல இருக்கறத எழுது. அதுக்கு மேல உன் இஷ்டம். என்ன வேணாலும் எழுது, நான் கேக்கமாட்டேன்.”

அக்கா படப்பையிலிருந்து ஒரகடம் வரை யோசித்தார். “முப்பத்தஞ்சு பத்தாது. திருத்தறவன் அங்க ஒன்னு இங்க ஒன்னு ஒடைப்பான். நாப்பது மார்க்கு வரிக்கும் புக்கு. அஞ்சு மார்க்கு ஸ்டாக்குல கெடக்கட்டும்.”

அதன்பிறகு அக்கா படித்த விதத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்க்கமுடியாது. பதினான்கு பெரிய கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார். லைனில் ஓர் இடத்துக்கு ஒரு பதில். மூன்றாம் இடத்தில் நிற்கும் பெண் பாத்ரூம் போனால் அங்கே பேரரசு விழும். ஐந்தாம் இடத்தில் மழைக்காடுகள். ஒன்பதாம் இடத்தில் கிராம சபை. கை வயரைச் செருகும், வாய் பதிலைச் சொல்லும். இரண்டு பக்கமும் நிற்கிற பெண்களுக்குக் காதில் விழுந்து விழுந்து அவர்களுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அக்கா ஒரு காரணத்தை விட்டுவிட்டால் பக்கத்துப் பெண் பலகையைப் பார்த்தபடியே எடுத்துக் கொடுப்பாள்.

ஏழாம் இடத்துப் பதில்தான் அக்காவுக்கு வரவே இல்லை. ஐந்தாண்டுத் திட்டங்கள். அது தெரிந்ததும் ஏழாம் இடத்துப் பெண், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கயிற்றை இழுக்கத் தொடங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் இழுத்தார்கள். மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. சூப்பர்வைசர் பதறிப்போய் ஓடிவந்தார்.

“இன்னாம்மா இது? எல்லாருக்கும் ஒரே நேரத்துல வயிறு கெட்டுப்போச்சா? கேன்டீன் சாம்பார செக் பண்ணச் சொல்லட்டுமா?”

“சாம்பார் நல்லாத்தான் சார் கீது,” என்றார் அக்கா, ஏழாம் இடத்தில் நின்றுகொண்டு. “திட்டந்தான் நிக்கமாட்டேங்குது.”

பரீட்சை அன்று அக்கா லீவு. கயிற்றை இழுத்தால் வருவதற்கு ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் சூப்பர்வைசரே கையுறை போட்டுக்கொண்டு ஓடினார். நாலாம் இடத்தில் பழுப்பு வயரை நீலத்தின் ஓட்டையில் செருகினார். ஒன்பதாம் இடத்தில் எதையுமே செருகவில்லை. அன்று அவர் செய்ததில் பதினோரு கட்டுக்கு நான் சிவப்புச் சீட்டு கட்டினேன். ஒவ்வொன்றையும் ஆசை ஆசையாகக் கட்டினேன்.

இரண்டரை மணிக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், பஸ் பக்கத்தில் பட்டுப் புடவையோடு அக்கா நிற்கிறார். பரீட்சை எழுதிய பள்ளியிலிருந்து நேராக வந்துவிட்டார். சூப்பர்வைசர் கதையைச் சொன்னேன். தொடையைத் தட்டிச் சிரித்தார். “பாத்தியா? எனுக்கே ரிலீவர் கீது. அதுவும் சூப்பர்வைசரு!”

“அது கெடக்கட்டும்க்கா. பரீட்சை?”

“நாப்பது மார்க்குக்கு புக்கு எழுதிட்டேன். வெரல வுட்டு எண்ணிப் பாத்துக்கினேன். பேரரசுக்கு அஞ்சு காரணந்தான் எழுதினேன், போதுமா? கடைசியா ஒரு பெரிய கேள்வி. சமுதாயத்துல மாற்றம் கொண்டுவந்த ஒருத்தர பத்தி எழுதுகன்னு. அது நாப்பதுக்கு மேல. அத்த நான் எழுதினேன்.”

“யாருக்கா?” பஸ்ஸே கேட்டது. எட்டு மாதமாக அக்கா வாயிலிருந்து வராத பெயர் அது.

“ரிசல்ட்டு வரட்டும்.”

ரிசல்ட் வருவதற்குள் பந்தயம் கட்டாதவர்கள் பாக்கி இல்லை. ராஜா என்று சிலர், விஞ்ஞானி என்று சிலர். சக்கரம்தான் என்று டிரைவர் அண்ணன் தன் வண்டி மேல் சத்தியம் செய்தார். எனக்கு அந்தக் கவலை இல்லை. ஒப்பந்தக் கடிதங்கள் அடுத்த திங்கட்கிழமை வரப்போகின்றன. எனக்கு வேண்டியது ஒரே ஒரு எண்.

ரிசல்ட் வந்த அன்று, வீடு திரும்பும் பஸ்ஸில் மாடசாமி போனை வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றான். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. டிரைவர் அண்ணன் யாரும் சொல்லாமலே பஸ்ஸை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் தூங்கவில்லை, முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“வந்துட்டு!” மாடசாமி கத்தினான். “எக்கா, முப்பத்தாறு! பாஸுக்கா!”

பஸ் அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கிவந்து ஆக்சிடென்டா என்று கேட்டுவிட்டுப் போனார். நான் அழவில்லை. கண்ணில் தூசி விழுந்த மாதிரிதான் இருந்தது.

பிறகு எனக்குக் கணக்கு உறைத்தது. புத்தகத்தை வைத்தே நாற்பது. அதில் நாலு உடைந்திருக்கிறது. அப்படியானால் அக்கா தன் இஷ்டத்துக்கு எழுதிய பெரிய கேள்விக்கு ஒரு மார்க்கூட விழவில்லை. இன்னும் இரண்டு உடைந்திருந்தால் திங்கட்கிழமை கையில் துடைப்பம்.

“அக்கா! அப்படி யார எழுதின?”

“உங்களத்தான்.”

“யார?”

“இந்த பஸ்ஸுல கீறவங்கள. நாப்பத்தோரு பேரயும்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். “ஐயோ அக்கா! பரீட்சைத் தாள்ல பேர் எழுதக்கூடாதே! சொன்னாங்க இல்ல?”

“என் பேர எழுதக்கூடாதுன்னு சொன்னாங்கோ. உங்க பேர எழுதக்கூடாதுன்னு யாரு சொன்னா?”

“ஒருத்தரைப் பத்திதானக்கா எழுதச் சொன்னான்?”

“ஒருத்தர எழுதினா நானே ரிலீவர் போட்ருவேனே டிப்ளமோ. நாப்பத்தோரு பேருக்கு எங்க போயி தேடறது?” என்றார் அக்கா. ஒரு சந்தேகத்துக்கு விளக்கம் சொல்லும் குரலில்தான் சொன்னார்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஏழு வாரம் சொல்லிக் கொடுத்தவள் நான். “என்னய எத்தனாவதா எழுதின?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“பதினேழாவது.”

“பதினேழா?”

“சீட்டு வரிசப்படி எழுதினேன். மொதல்ல டிரைவரு. அப்புறம் படிக்கட்டுல மாடசாமி. உன் நெஜப் பேரு அந்த நேரத்துக்கு ஞாபகம் வர்ல. டிப்ளமோன்னு போட்டுக்கீறேன்.”

திங்கட்கிழமை அக்காவுக்குப் புதுக் கடிதம் வந்தது. இப்போது இரண்டாம் ஷிப்டில் ஒன்பதாம் இடம் அவருடையது. பஸ் வேறு, நேரம் வேறு. கேட்டருகே அவர் உள்ளே வரும்போது நான் வெளியே போவேன். “இன்னா டிப்ளமோ, இன்னிக்கு யாரு?” என்று கேட்டுக்கொண்டே போய்விடுவார்.

அந்தத் தாளைத் திருத்திய ஆசிரியர் யாரோ, எங்கள் நாற்பத்தோரு பெயர்களின் மீதும் சிவப்பு மையில் ஒரே கோடாக இழுத்துப் பூஜ்ஜியம் போட்டிருப்பார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சிவப்புச் சீட்டுதான் கட்டியிருப்பேன். ஊரில் அப்பா என் டிப்ளமோ சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கிறார். அக்காவின் அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் எப்படியாவது கைக்குக் கிடைத்தால், அதை இறக்கிவிட்டு இதை மாட்டச் சொல்வேன்.